பன்னிரண்டு இலக்கம்

ஒரு லோரி போய் அடுத்தது வர
இருபது நிமிடம் ஆகும்.
லங்காப் சாலையில் விளக்குகள் திரும்பும்வரை
எடைமேடையின் சிவப்பு எண்கள்
சுழியத்தில் நின்றுகொண்டிருக்கும்.
பத்து பத்துக் கிலோவாகத்தான் அது எண்ணும்.
மில் பூனை குறுக்கே நடந்து போனது
அதற்குத் தெரியவே தெரியாது.

அப்படி ஓர் இரவில்
பதிவேட்டிலிருந்த ஐசி எண்களை மேய்ந்தேன்.
ஆண் என்றால் கடைசி இலக்கம் ஒற்றை,
பெண் என்றால் இரட்டை.
இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.
எனக்கு உறைத்தது வேறு:
எங்களில் ஒருத்தியின் எண்ணும்
பகா எண் ஆக முடியாது.
வாசலிலேயே நிற்கிறது இரண்டு,
கையில் கத்தியோடு.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.
ஆண்களைச் சோதித்தேன்.
குலை ஏற்றும் தனபாலன் ஐந்தில் முடிகிறார்,
முதல் வெட்டிலேயே சாய்ந்தார்.
டிரைவர் ஞானபிரகாசத்தின் இலக்கங்களைக் கூட்டினால்
நாற்பத்தைந்து;
மூன்றும் போகும் ஒன்பதும் போகும்.
மேனேஜர் பதினேழுவரை தாக்குப்பிடித்தார்.
அதற்குமேல் அவரைத் துரத்தவில்லை,
சம்பள நாள் பக்கத்தில் இருந்தது.

என்னுடையது 790814086062.
ஆகஸ்ட் பதினாலு, எழுபத்தொன்பது, பேராக்.
கடைசி நாலு இலக்கத்தை ஞானபிரகாசம்
மூன்று வருடமாக நம்பர் கடையில் எடுக்கிறார்.
ஆறுதல் பரிசுகூட விழவில்லை.
மேசைக் கால்குலேட்டருக்கு எட்டு இலக்கம்தான் கொள்ளும்.
எடைச்சீட்டின் முதுகில் பென்சிலால் எழுதி
மும்மூன்றாக நறுக்கினேன்.
எழுநூற்றுத் தொண்ணூறில் எண்ணூற்றுப் பதினாலு கழித்து,
எண்பத்தாறு கூட்டி,
அறுபத்திரண்டு கழித்தால்
ஒன்றுமில்லை.
மறுபடி போட்டேன். ஒன்றுமேயில்லை.
அப்படியென்றால் ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் போகும்,
மூன்று பேர் ஒரே லோரியில் தொற்றிக்கொண்டு வந்த மாதிரி.

அம்மா பெற்ற தேதியும்
பதிவிலாகாவில் எவரோ ஒட்டிவிட்ட வால் எண்ணும்
பேசி வைத்துக்கொள்ளவில்லை.
இதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது.
அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு, மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று
எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போன பிறகு
மிஞ்சியது 131670677.
ஒற்றைப்படை!
இத்தனை நாள் உள்ளே ஒளிந்திருந்திருக்கிறது.
பதினேழு தோற்றது. பத்தொன்பது தோற்றது.
இருபத்துமூன்றுக்கு ஒன்றே ஒன்று மிச்சம்,
மயிரிழை.
தொண்ணூற்றேழு வரைக்கும் வந்துவிட்டேன், பல் படவில்லை.
பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம்வரை தேட வேண்டும்.
அதுவரை உடையாவிட்டால் எப்போதும் உடையாது.
சீட்டுக்கட்டு தீர்ந்தால் சூப்பர்வைசர் கேட்பார்.

இரண்டரைக்கு வந்த லோரியில்
உதிரிப் பழம் பொறுக்கும் அஞ்சலிதேவி இறங்கினாள்.
தோட்டத்திலேயே பிறந்தவள், பத்திரம் எடுக்காமல் விட்டார்கள்.
பதினோரு வருடமாக அவள் மனு
புத்ராஜெயாவில் ஏதோ ஓர் அலமாரியில்.
எங்கள் கணினி வெற்றிடத்தை ஏற்காது என்பதால்
அவளுக்குப் பன்னிரண்டு சுழியம் அடிப்போம்.
இன்று அடிக்கும்போது விரல் நின்றது.
சுழியத்தை ஏழு வகுக்கும்,
இருபத்துமூன்று வகுக்கும்,
நான் இன்னும் போய்ச் சேராத எண்களும் வகுக்கும்.
யார் வந்து வெட்டினாலும் மீதி வராது.

"என்னக்கா கிறுக்கறீங்க?"
"கணக்கு."
"எனக்கும் ஒண்ணு போடுங்க."
"என்னைக்குப் பொறந்தே?"
"வெள்ளம் வந்த வருசம். தீபாவளிக்கு மறுநாளுன்னாங்க."
எந்த வெள்ளம் என்று நான் கேட்கவில்லை.

லோரி இறங்கியது. அவள் மேடையில் ஏறி
நடுவில் போய் நின்றுகொண்டாள், செருப்பைக் கழற்றிவிட்டு.
சிவப்பு எண்கள் யோசித்தன.
ஐம்பது.
"ஐம்பத்திமூணு இருக்கணுமே," என்றாள்.
இது பத்து பத்தாகத்தான் எண்ணும் என்றேன்.
ஞானபிரகாசம் ஹார்ன் அடித்தார்.
அவள் இறங்கவில்லை.

"அப்ப அந்த மூணு?"